யார் அந்தக் கற்பகம்

ஜான்சியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று வராது. அவளுடைய நாவல்களை வரிவரியாக டைப் அடித்தவள் நான். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் பக்கத்தில் இருப்பது யாருக்கும் நல்லதில்லை.

என் பெயர் பட்டம்மாள். சிதம்பரத்தில் லூர்துசாமி சாரின் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் செய்வதும் ப்ரூஃப் பார்ப்பதும் என் வேலை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு எல்லாம் வரும். அதோடு 'வெண்முகில்' என்று பெயர் வைத்து மாதம் ஒரு நாவல் போட்டுக்கொண்டிருந்தார் சார். பாண்டிச்சேரியிலிருந்து சீர்காழி வரைக்கும் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும். அதில் பாதிக்கு மேல் ஜான்சி எழுதியது.

ஜான்சி வேதியியல் படித்தவள். சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் எழுத ஆரம்பித்தாள். புருஷன் செம்பியன் அதே பேட்டையில் ஃபிட்டர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. மாமியார் தைலம்மாளும் அவர்களோடுதான் இருந்தார். 2004இல் முதல் நாவலைக் கையில் சுருட்டிக்கொண்டு எங்கள் அச்சகத்துக்குள் நுழைந்தாள். லூர்துசாமி சார் நின்றபடியே பத்துப் பக்கம் படித்துவிட்டுச் சொன்னார்.

"நல்லாருக்கு. ஆனா நமக்குத் தொண்ணூத்தாறு பக்கம். ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம், ஆறு ஃபாரம். ஒரு பக்கம் ஜாஸ்தியானா எனக்குப் பேப்பர் போச்சு. ஒரு பக்கம் கொறைஞ்சா வெள்ளையா நிக்கும். கதை பெருசா சிறுசான்றது எனக்குத் தெரியாது, ஃபாரம் ரொம்பணும்."

மற்ற எழுத்தாளர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். ஜான்சி என் நாற்காலி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே வெட்டினாள். ஒரு கல்யாணத்தை நாலு வரியில் முடித்தாள். சாவு ஒன்றை மூன்று பக்கத்திலிருந்து அரைப் பக்கமாக்கினாள். வெட்டியபிறகு அந்தச் சாவு முன்னைவிடக் கனத்தது. அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எழுத்து சிலருக்குச் சாமி வருகிற மாதிரி. இவளுக்குத் தையல் மாதிரி. பிரித்துத் தைப்பாள், சலித்துக்கொள்ள மாட்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே நின்றாலும் காது வேறு எங்கோ இருக்கும். ஒருமுறை கடலூர் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். முன்னால் அக்கா தங்கை இரண்டு பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு சண்டை போட்டார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் அவர்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இறங்கியபிறகு கேட்டேன்.

"அவுங்க கதைய எழுதப்போறியா?"

"கதை வேணாம். அந்தத் தங்கச்சி அழுதுக்கிட்டே பர்ஸ்ல சில்லற தேடுனா பாரு, அது மட்டும் போதும். ஒரு ஆள முழுசாத் தூக்கிட்டு வந்தா கதைக்குள்ள நிக்காது பட்டு. அஞ்சாறு பேரப் பிச்சுதான் ஒரு ஆளச் செய்யணும்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னாள். எனக்கும் ரசிக்கத்தான் தோன்றியது.

சுனாமி வந்தபிறகு கடலூர் முழுக்க நிவாரணப் பொருள் குவிந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் துணி மூட்டைகளைப் பிரித்து அடுக்கும் வேலையைத் தெருப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் நின்று நடத்தியவர் ஸ்ரீமதி. சிமெண்டு வியாபாரி மணவாளனின் மனைவி, மகளிர் குழுத் தலைவி. குரல் உயர்ந்தால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். தைலம்மாள் அங்கே ஒரு மாதத்துக்கு மேல் முதுகு வளைத்து வேலை செய்தார். ஜான்சியும் போனாள், கையால் துணி மடித்தாள், கண்ணால் என்ன மடித்தாள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

2006இல் அவளுடைய 'கரையேறிய கற்பகம்' வெளிவந்தது. கற்பகம் என்று ஒரு பெண், ஊருக்குத் தலைவி. நிவாரணத் துணியைப் பிரிக்கிற இடத்தில் நல்ல பட்டுப்புடவை ஒன்றை எடுத்து மறைக்கிறாள். அதை மறைக்க ஒவ்வொரு பொய்யாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். டைப் அடிக்கும்போது நான் பல இடங்களில் சிரித்தேன். யாரோ எனக்குத் தெரிந்தவளைப் போலவே இருக்கிறாள் கற்பகம். யார் என்றுதான் பிடிபடவில்லை.

மஞ்சக்குப்பத்துக்குப் பிடிபட்டுவிட்டது. ரேஷன் கடையில் ஸ்ரீமதி நுழைந்தால், "கற்பகம் வந்துட்டாங்க, வழி வுடுங்க" என்று யாராவது முணுமுணுப்பார்கள். குழுக் கூட்டத்தில் யாரோ, "பொடவைய எண்ணி வைங்க" என்று சொல்லிச் சிரித்தார்கள். ஸ்ரீமதி புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு நேராக ஜான்சி வீட்டுக்கு வந்தார்.

"உனக்கு நான் என்னா கெடுதல் பண்ணேன்? மண்டபத்துல உனக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன்ல?"

"அக்கா, அது நீங்க இல்ல."

"பச்ச கேட்டு போட்ட மூல வூடுன்னு எழுதியிருக்க. எங்க வூட்டு கேட்டு எந்தக் கலரு?"

"கேட்டு மட்டும்தான்க்கா உங்களுது."

"கேட்டு எனுதுன்னா உள்ள இருக்கறவ மட்டும் யாரு?"

அப்போது ஜான்சி வாய்விட்டு ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும் என்று செம்பியன் பின்னாளில் சொன்னார். அவள் கேட்கவில்லை. "தப்பு பண்ணலன்னா எதுக்குக் கேக்கணும்" என்றாள். தைலம்மாள்தான் உள்ளேயிருந்து வந்து, "வுடும்மா ஸ்ரீமதி, காசுக்கு எழுதற கதை, அதப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு" என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்.

மாதம் இரண்டு போவதற்குள் மானநஷ்ட வழக்கு. ஜான்சி முதல் எதிரி, லூர்துசாமி சார் இரண்டாம் எதிரி. சம்மன் வந்த நாளில் சார் மேசைமேல் இருந்த கோந்து பாட்டிலைத் தட்டிவிட்டார்.

"நாப்பது வருசமா அச்சடிக்கிறேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில மாப்ள பேர மாத்திப் போட்டப்பகூட எவனும் கோர்ட்டுக்குப் போவல."

ஜான்சிக்கு வாதாட வந்தவர் அவள் அம்மாவின் தம்பி தேவசகாயம். ஸ்ரீமதி தரப்பில் செந்தமிழ்செல்வன் என்ற வக்கீல். நாடக மேடைக் குரல் அவருக்கு. வாய்தா வாய்தாவாக ஓடி 2008இல்தான் விசாரணை சூடு பிடித்தது. சார் தள்ளாடுகிறவர் என்பதால் வாய்தாவுக்கெல்லாம் துணைக்கு நான் போனேன். அதனால் எல்லாம் கண்ணால் பார்த்தேன்.

முதலில் ஸ்ரீமதி கூண்டில் ஏறினார். கற்பகத்துக்கும் தனக்கும் என்னென்ன பொருத்தம் என்று வரிசையாகச் சொன்னார். பேச்சு, நடை, மேடையில் மைக்கைப் பிடுங்குவது. தேவசகாயம் பணிவாக எழுந்தார்.

"அம்மா, கதையில கற்பகம் பொடவ திருடுறாங்க. நீங்க திருடுனீங்களா?"

"ஐயோ, நான் எதுக்குத் திருடுறேன்?"

"அப்ப கற்பகம் நீங்க இல்ல."

"பொடவையத் தவுர மத்த எல்லாம் நான்தான்!"

கோர்ட்டே சிரித்தது. ஸ்ரீமதி இறங்கும்போது கைப்பிடியைத் தேடித் தடுமாறினார். எனக்குப் பாவமாக இருந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்த வாய்தாவில் ஜான்சி தானே சாட்சி சொல்லக் கூண்டில் ஏறினாள். தேவசகாயம் வெளியில் வைத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "எல்லாம் கற்பனைன்னு ஒரே வார்த்த. அதச் சொல்லிட்டு எறங்கிடு. உன் சாமர்த்தியத்த பொஸ்தகத்துல காட்டிக்க."

அவளும் அப்படித்தான் ஆரம்பித்தாள். செந்தமிழ்செல்வன் விடவில்லை. நாவலைப் பிரித்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். " 'கற்பகம் சிரித்தால் வாய் மட்டும்தான் சிரிக்கும். கண் அடுத்தவள் கழுத்துச் சங்கிலியை எடைபோடும்.' ஆகா, அருமை. இது கற்பனையா?" புத்தகத்தை மூடி, கையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஒரு பொம்பளைய ஒரு மாசம் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, அப்படியே காப்பி அடிச்சு வித்துருக்கீங்க. இதுக்கு ஜெராக்ஸ் கடை போதுமே. இதுக்குப் பேரு எழுத்தா?"

ஜான்சியின் கழுத்து நரம்பு எழும்பியதை நான் பார்த்தேன். திருடி என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"காப்பி இல்லிங்க. எது எது எங்கேருந்து வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியும்."

தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்களேன். மைக்கப் புடுங்குறது?"

"எங்க சர்ச்சில ஒரு டீச்சர்."

" 'சொன்னா சொன்னதுதான்'னு மேசையத் தட்டுறது?"

"எங்க மாமா. எனக்கு ஆஜராவுற இந்த வக்கீல்."

சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் பேனாவால் மேசையைத் தட்டினார்.

"தட்டு ஓரத்துல கருவேப்பிலைய ஒண்ணொண்ணா வரிசை வச்சு அடுக்குறது?"

"ரெண்டாம் எதிரி."

லூர்துசாமி சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தேன்.

"அடுத்தவங்கள யாராச்சும் பாராட்டுனா, உடனே தலையத் தடவிக்கிட்டு 'நல்லாத்தான் இருக்கு, ஆனா'ன்னு பேச்ச மாத்துறது?"

"எங்க பிரஸ்ல டைப் அடிக்கிற பட்டம்மாள்."

இத்தனை வருஷம் கழித்தும் அந்த நிமிஷத்தைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. அந்த வரியை நான்தான் டைப் அடித்தேன். எழுத்துப்பிழை பார்த்தேன். 'சரியாகப் பிடித்திருக்கிறாய்' என்று அவளிடமே சொல்லிச் சிரித்தேன். எனக்குத் தெரிந்த யாரோ ஒருத்தி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள் நான்தான். பக்கத்தில் இருந்த அந்நியர் ஒருவர் பட்டம்மாள் யார் என்று தேடிக் கழுத்தை நீட்டினார். நான் கைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

செந்தமிழ்செல்வன் கேட்டார்: "அப்ப என் கட்சிக்காரர்கிட்டேர்ந்து ஒண்ணுமே எடுக்கலியா?"

"கேட்டுக்கு அடிச்ச பச்சப் பெயிண்டு. அந்தக் கலரு நல்லாருந்துச்சு."

ஸ்ரீமதியின் முகத்தைப் பார்த்தேன். திருடி என்று எழுதியதைவிட அந்தப் பதில் அவரை அதிகமாகக் குத்தியது போலிருந்தது.

வக்கீல் அவசரப்படவில்லை. கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். "கடைசியா ஒண்ணு. பட்டுப் பொடவையத் திருடுறது. அது யாரு?"

ஜான்சியின் கண் கடைசி பெஞ்சுப் பக்கம் போய்த் திரும்பியது.

"மத்ததெல்லாம் ஆளாளுக்குப் பிச்சு எடுத்தேன்னீங்க. பேரோட சொன்னீங்க. திருட்டு மட்டும் கற்பனையா? ஒலகத்துல இல்லாத திருட்ட நீங்களா செஞ்சு, பச்சக் கேட்டு வூட்டுக்காரி தலையில கட்டுனீங்களா? அப்படின்னா அதுக்குப் பேரு என்னான்னு சட்டத்துல இருக்கு."

தேவசகாயம் பாதி எழுந்து ஆட்சேபம் என்றார். மாஜிஸ்திரேட், "சாட்சி பதில் சொல்லலாம்" என்றார்.

"கற்பனை இல்ல," என்றாள் ஜான்சி. "எங்க வூட்டு பீரோவுல பார்த்தேன்."

கடைசி பெஞ்சில் தைலம்மாள் இருந்தார். மருமகளுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் செம்பியன். தைலம்மாள் கேரியரைக் காலடியிலிருந்து எடுத்து பெஞ்சின்மேல் வைத்தார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே நடந்தார். செம்பியன் ஜான்சியை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் போனார்.

என் பை ஜான்சி வீட்டில் இருந்தது. காலையில் அங்கே வைத்துவிட்டு வந்திருந்தேன். இல்லாவிட்டால் அன்றைக்கு அவளோடு ஒரு அடி நடந்திருக்க மாட்டேன். சாரை ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டு நடந்தோம். கோர்ட்டிலிருந்து அவர்கள் தெரு பக்கம்தான். பாதி வழியில் என்னால் அடக்க முடியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா ஜான்சி?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

வீட்டுக்குள் தைலம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். பை இருந்த அறைக்குப் போக அவரைத் தாண்டவேண்டும். எனக்கு அந்த இடத்தில் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"ஒரு பொடவ," என்றார் தைலம்மாள். "மூட்ட மூட்டயாப் பிரிச்சுப் போட்டேன். அழுக்கு, கிழிசல், வாடை. அதுக்குள்ள எவளோ தவறிப் போட்ட பட்டு. குப்பத்துல பொணம் எடுத்துட்டு உக்காந்திருக்கறவளுக்கு அது எதுக்குன்னு நெனச்சேன். எம்பொண்ணுக்கு வளைகாப்பு வந்துச்சு, குடுத்தேன். தப்புதான். ஏன் அத்தை, இது ஏதுன்னு நீ ஒரு நாள் என்னக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு கேக்கல அத்தை."

"எழுதுனா சங்கடப்பட மாட்டேனா?"

"நீங்க படிப்பீங்கன்னு நெனைக்கல."

"படிச்சேன். பொஸ்தகம் வந்த அன்னிக்கே படிச்சேன். பொடவ வந்த எடத்துலயே அது நான்தான்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் தெருவே ஸ்ரீமதிதான்னு சொல்லிச்சு. அப்பாடான்னு உக்காந்திருந்தேன். அவ சுமந்த பழியோட பாவம் எனக்கு. அந்தப் பாவத்தயும் சேத்துதான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் உனக்குச் சோறு எடுத்துட்டு வந்தேன்."

ஜான்சி அதைக் கேட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். செம்பியன் வாசலில் நின்றபடி சொன்னார். கத்தவில்லை.

"நீ பொய் சொல்லி ஜெயிலுக்குப் போயிருந்தாகூட நான் மாசாமாசம் வந்து உன்னப் பாத்திருப்பேன். எங்கம்மாவக் கூண்டுல ஏத்திட்டு நீ எறங்கி வந்திருக்க."

"அந்த எடத்துல வேற பதில் இல்லிங்க. யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க எனக்கு என்னா இருக்கு? எழுதறத வுடு. இல்லன்னா இந்த வூட்ட வுடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இந்த மாச நாவல் பாதியில நிக்குது," என்றாள்.

இப்படி ஒரு பதிலை நான் யார் வாயிலும் கேட்டதில்லை. செம்பியன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் தைலம்மாளைத் தாண்டிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தீர்ப்பு 2009இல் வந்தது. கற்பகம் என்பவர் ஸ்ரீமதிதான் என்று நிரூபிக்கப்படவில்லை, எதிரிகள் இருவரும் விடுதலை. தோற்றுப்போன ஸ்ரீமதி தெருவில் ஆயிரம் வாலா வெடித்தார். கோர்ட்டே சொல்லிவிட்டது, நான் கற்பகம் இல்லை என்று வீடுவீடாக லட்டு கொடுத்தார். ஜெயித்த வீட்டில் விளக்கு எரியவில்லை. அதற்கு முன்பே அந்தப் பெயர் இடம் மாறியிருந்தது. தைலம்மாள் காய் வாங்கப் போனால், "கற்பகம் வருது" என்று குரல் கேட்கும். இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு பண்ருட்டிக்குப் பக்கத்தில் மகள் அறிவுமதி வீட்டுக்குப் போய்விட்டார்.

அறிவுமதி ஒருநாள் எங்கள் அச்சகத்துக்கு வந்தாள். ஜான்சி என் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் வெட்டிக்கொண்டிருந்தாள். வந்தவள் பையிலிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்து என் கீபோர்டு மேல் போட்டாள். கத்திரிப்பூ நிறம், சரிகை கொஞ்சம் கறுத்திருந்தது.

"இந்தாங்க அண்ணி. என் மாமியா வூட்ல இதக் கட்டிக்கிட்டு நான் தல நிமிந்து நடக்க முடியல. இத வச்சு இன்னொன்னு எழுதிக்குங்க."

ஜான்சி அதைத் தொடவில்லை. அறிவுமதி போனபிறகு நான்தான் மடித்து ஓரமாக வைத்தேன். பிறகு சார் அதை ஏதோ ஒரு இல்லத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

ஜான்சி எழுதுவதை விடவில்லை. வீட்டைத்தான் விட்டாள். சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் பக்கம் ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டாள். அச்சகத்திலும் அவளுக்கு நிம்மதி இல்லை. லூர்துசாமி சார் அவளைக் கேட்காமலே 'கரையேறிய கற்பகம்' மறுபதிப்பு போட்டார். அட்டையில் சிவப்புப் பட்டை: 'நீதிமன்றம் ஏறிய நாவல்!' அவள் கட்டுக் கட்டாகப் பிரித்து அவர் மேசைமேல் எறிந்தாள்.

"என்னக் கேக்காம இத யாரு போடச் சொன்னது?"

"என்னக் கேட்டுட்டா கருவேப்பிலைய எடுத்த?"

அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, "ரெண்டு பக்கம் கொறையுதுன்னு அவுங்ககிட்ட சொல்லு" என்பார் அவர். "நாளைக்குத் தரேன்னு சொல்லு" என்பாள் அவள். நடுவில் நான். எனக்கும் அவளோடு பேச்சு கிடையாது. வந்த வார்த்தையை அப்படியே அந்தப் பக்கம் தள்ளிவிடுவேன். ஆனாலும் அவருக்கு அவள் நாவல் வேண்டியிருந்தது. அவளுக்கு வேறு அச்சகம் இல்லை. சென்னையில் கேட்டுப் பார்த்தாள். வழக்கு இருந்த எழுத்தாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று அவளுக்கு வந்தது. அது எனக்கு டைப் அடிக்கும்போதுதான் தெரிந்தது. அவள் நாவல்களில் பேச்சு செத்துப்போயிற்று. முன்பெல்லாம் அவள் எழுதும் பெண்கள் வாயைத் திறந்தால் வரியே சுடும். இப்போது எல்லோரும் கடிதம் வாசிப்பது மாதிரி பேசினார்கள். காரணம் எனக்குத் தெரியும். அவள் எதிரில் யாரும் பேசுவதில்லை. கடலூரில் அவள் ஏறினால் பஸ்ஸில் பேச்சு நிற்கும். சொந்தக்காரக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை வராது. தேவசகாயம் மாமாகூட, "வாம்மா, உக்காரு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாராம். வாசகர்களும் எழுதினார்கள், 'ஜான்சிக்கு என்ன ஆயிற்று' என்று. அந்தக் கார்டுகளை நான் அவள் பார்க்கிற மாதிரி மேசைமேல் வைத்தேன்.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. யாருக்கும் தன்னைத் தெரியாத இடங்களைத் தேடிப் போனாள். காட்டுமன்னார்கோயில் சந்தை, மயிலாடுதுறை ரயில், ஆஸ்பத்திரி புறநோயாளி வரிசை. நோயே இல்லாமல் சீட்டு எழுதிக்கொண்டு வரிசையில் நின்று காது கொடுத்தாள். 2011 வாக்கில் எழுத்தில் மறுபடியும் உயிர் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. படிக்காமலும் இருக்க முடியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் 'தானே' என்ற புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அறிவுமதி வீட்டுக் கூரைமேல் மரம் விழுந்து தைலம்மாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கரண்டு இல்லாமல் அச்சகம் மூடிக் கிடந்த நாட்கள். செம்பியன் வந்து என்னிடம்தான் சொன்னார். "அவகிட்ட சொல்லணும்னா சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்."

ரொம்ப நாளைக்குப் பிறகு நானாக அவளிடம் வாய் திறந்தது அப்போதுதான். அவள் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என்ன நடக்குமோ என்று நானும் போனேன்.

வார்டு வாசலில் அறிவுமதி மறித்தாள். உள்ளேயிருந்து தைலம்மாளின் குரல் வந்தது.

"வரட்டும் வுடு."

தைலம்மாள் பாதியாக இளைத்திருந்தார். கால் கட்டு போட்டு உயரத் தூக்கியிருந்தது. தலைமுடி சிக்காகிக் கிடந்தது. போர்வை ஒருபக்கம் விலகியிருந்தது. ஜான்சி கட்டில் அருகே போனதும் அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வரதுன்னா வா. நில்லு. கஞ்சியும் குடு. ஆனா என்னப் பாக்காத."

"அத்தை..."

"உன் கண்ணு எனக்குத் தெரியும். நான் கெடக்கற கெடைய நீ பாக்கக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

ஜான்சி திரும்பி நின்றாள். எதிரே ஜன்னல், அதற்கு வெளியே காற்றில் முறிந்த வேப்பமரம். அவள் முதுகுக்குப் பின்னால் அறிவுமதி கஞ்சியை ஊட்டினாள். தைலம்மாள் குடித்து முடிக்கிற வரைக்கும், வாய் துடைத்துக் கண் அசருகிற வரைக்கும் அவள் திரும்பவே இல்லை. அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான் நடந்தது என்று செம்பியன் சொன்னார். வருவாள், கஞ்சியை வைப்பாள், ஜன்னலைப் பார்த்து நிற்பாள், போவாள்.

பிப்ரவரியில் தைலம்மாள் இறந்தார். மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜான்சியை வீட்டுக்குள் விடவில்லை. அறிவுமதி வாசலில் நின்று, "அண்ணி, நீங்க தெருவுல நில்லுங்க" என்றாள். செம்பியன் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார். ஜான்சி எதிர் வரிசையில் ஒரு தகரக் கொட்டகை நிழலில் நின்றாள். துக்கத்துக்கு வந்தவர்கள் அவளைக் கண்டதும் பேச்சைக் குறைத்துக்கொண்டு போனார்கள். ஸ்ரீமதி வந்தார். அவளைத் தாண்டும்போது நடையை நிறுத்தி, ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். பாடை எடுத்தபோது ஜான்சி எல்லோருக்கும் பின்னால் தெருமுனை வரை நடந்தாள். பிறகு நானும் அவளும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். வேறு வேறு சீட்டில்.

மறுநாள் காலை அச்சகத்தைத் திறந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். நேற்றைய புடவை. என்னைப் பார்த்து எழுந்தாள்.

"இதையும் எழுதுவியா?" என்று கேட்டேன். கடுமையாகத்தான் கேட்டேன்.

"தெரியல பட்டு. ஜன்னலத் தவுர நான் ஒண்ணும் பாக்கலியே." புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டே, "மூணாம் ஃபாரம் ப்ரூஃப் வந்துச்சா?" என்றாள்.

வந்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஸ்டூலை என் பக்கத்தில் போடாமல் கதவோரம் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்தாள். லூர்துசாமி சார் உள்ளே வந்தவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாயங்காலத்துக்குள்ள வேணும்னு அவுங்ககிட்ட சொல்லு," என்றார்.

நான் சொன்னேன்.